சில்லிடாத தகடு

சேசுராஜ் வித்தையைச் செய்து முடித்த கையோடு அதன் சூட்சுமத்தையும் சொல்லிவிடுவான். கூட்டம் கலைவது அப்போதுதான். வித்தைக்குக் கைதட்டல், சூட்சுமத்துக்குக் கொட்டாவி.

"வித்தைய மட்டும் செய்யுங்க," என்பாள் அவன் மனைவி ஜெபிஷா. தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். "வெளக்கம் சொல்றப்ப ஒங்க மூஞ்சி பாக்கச் சகிக்கல. பரீச்சைத் தாள் திருத்துற மாதிரி ஆயிருது."

அவன் தாள் திருத்தியதே இல்லை. சிவகாசியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இருபத்துமூன்று வருடமாக இயற்பியல் ஆய்வக உதவியாளர். பி.எஸ்ஸி.யில் ஒளியியல் தாள் நின்றுபோனது. நான்கு முறை எழுதியும் தேறவில்லை. லென்ஸ்களைத் துடைத்து வைப்பான், இசைக்கவைகளை எண்ணி வாங்குவான். பிள்ளைகளுக்கு அவன் 'லேப் அண்ணாச்சி'. ஊசல் ஏன் அப்படி ஆடுகிறது என்று யாராவது கேட்டால் சொல்ல அவனிடம் பதில் இருந்தது. யாரும் கேட்கவில்லை. பிள்ளைகள் நோட்டில் அளவுகளை முதலில் எழுதிவிட்டு, பிறகு ஊசலை ஆட்டினார்கள்.

வித்தை காட்டத் தொடங்கியது தங்கை ஆரோக்கியத்துக்காக. அவள் பட்டாசு வேலைக்குப் போகிறவள். பூச்சட்டிக்கு, அதாவது புஸ்வாணத்துக்கு, மருந்து அடைப்பாள். எட்டு வருடத்துக்கு முன் வேறொரு கம்பெனியில் இருந்தபோது, அவள் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் அவள் வேலை பார்த்த ரூம் வெடித்தது. உள்ளே இருந்த மூன்று பேரும் இறந்தார்கள். காரணம் தெரியவில்லை என்று எழுதினார்கள். அன்றைக்குக் காற்று காய்ந்து கிடந்தது, உள்ளே இருந்த மூவரில் இருவர் நைலான் சேலை கட்டியிருந்தார்கள் என்பதை சேசுராஜ் ஊரில் விசாரித்துத் தெரிந்துகொண்டான். துணி உரசி உடம்பில் ஏறும் மின்சாரம், மருந்துத் தட்டைத் தொடும் நேரத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொறியாக இறங்கினால் போதும். அதை யாரிடம் சொன்னாலும், "நேரம்," என்றார்கள்.

ஆரோக்கியமும் அதையேதான் சொன்னாள். "என் நேரம், தாகம் எடுத்துச்சு."

மறு மாதமே வேறு கம்பெனிக்குப் போய்விட்டாள். இப்போது ஏழாயிரம்பண்ணை போகிற சாலையில் சீனிவாசகம் முதலாளியின் கம்பெனி. முதலாளிக்குச் சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கிற பிரஸ்ஸும் உண்டு. நல்ல மனிதர். சேசுராஜ் போய்க் கேட்டதும், பாதுகாப்பு வாரத்தில் ஒரு காலைப்பொழுதை ஒதுக்கிக் கொடுத்தார். "மேஜிக் காட்டுனா பொம்பளைக ஒக்காந்து பாப்பாக. பேசுனா எந்திரிச்சுப் போயிருவாக. பாத்துக்கோங்க தம்பி."

அது போன வருடம் மாசி மாதம். வேப்பமரத்தடியில் முதல் வேன்களில் வந்த ஐம்பது அறுபது பேர், பெரும்பாலும் பெண்கள். அலுமினியப் பொடி ஏறி விரல்களெல்லாம் வெள்ளி நிறம்.

முதலில் கிண்ணமும் காசும். கிண்ணத்தின் விளிம்பு காசை மறைக்கும்படி அவர்களைத் தள்ளி உட்காரவைத்தான். தண்ணீர் ஊற்ற ஊற்ற, காசு எழுந்து கண்ணுக்குத் தெரிந்தது.

"காசு மேல வந்துருச்சு," என்றாள் பேச்சியம்மாள். ஆரோக்கியத்தின் ரூமில் வேலை செய்கிறவள், வாய்க்காரி.

"காசு வரல. அது கெடந்த எடத்துலதான் கெடக்கு. அதுல பட்டு வர்ற வெளிச்சம் தண்ணிய விட்டு வெளிய வரும்போது வளையுது. கண்ணு அத நேரா வர்றதா நெனச்சுக்கிடுது."

"கண்ணு நெனைக்குமாக்கும்," என்றாள் பேச்சியம்மாள். எல்லோரும் சிரித்தார்கள்.

அடுத்தது பலகையும் இரும்பும். இரண்டும் ராத்திரி முழுக்க ஒரே திண்டில் கிடந்தவை. ஆவுடைத்தாய் என்ற பெண்ணைக் கூப்பிட்டுக் கண்ணை மூடச் சொல்லி, ஒன்றின் மேல் ஒரு கையும் மற்றதன் மேல் ஒரு கையும் வைக்கச் சொன்னான்.

"எது சில்லுன்னு இருக்கு?"

"இதுதான். இரும்பு."

அவன் இரண்டிலும் தெர்மாமீட்டரை வைத்துக் காட்டினான். ஒரே அளவு. ரெண்டும் ஒரே சூட்டில்தான் இருக்கின்றன, இரும்பு கையின் சூட்டைச் சட்டென்று இழுத்துக்கொள்கிறது, பலகை இழுப்பதில்லை, கை அறிவது தன்னிடமிருந்து போகிற சூட்டைத்தான், இரும்பின் சூட்டை அல்ல என்று நிதானமாகச் சொன்னான்.

ஆவுடைத்தாய் மறுபடி தொட்டுப் பார்த்தாள். "இல்லண்ணாச்சி, இரும்புதான் சில்லுன்னு இருக்கு. ஒங்க மீட்டரு ரிப்பேரு."

கடைசியில், மருந்து வைக்காமல் கழுவி விட்டிருந்த மூலை ரூமுக்கு எல்லோரையும் அழைத்துப் போனான். அங்கே ஒவ்வொரு ரூம் வாசலிலும் நோட்டுப் புத்தக அளவில் ஒரு செம்புத் தகடு உண்டு. அதிலிருந்து கம்பி மண்ணுக்குள் போகும். உள்ளே நுழையும் முன் வெறுங்கையால் அதைத் தொட வேண்டும் என்பது சட்டம். பாதிப்பேர் தொடுவதில்லை. சேசுராஜ் டெரிகாட்டன் சட்டையோடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து நன்றாக உரசி எழுந்தான். டெஸ்டரில் இருக்கிற சின்ன நியான் பல்பின் ஒரு காலை விரலில் பிடித்து, மறு காலைத் தகட்டில் வைத்தான். வெளிச்சத்தில் தெரியாதென்று மேலே ஒரு கறுப்புக் குடை. பல்பு பளிச்சென்று மின்னி அணைந்தது.

பேட்டரி இல்லை, வயர் இல்லை. கூட்டம் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டது.

அந்த நேரத்தில் அவன் ஒரு தப்புச் செய்தான். விளக்கத்தைச் சுருக்கிவிட்டு, ஜெபிஷா சொன்னதை நினைத்து, கூட்டத்துக்குப் பிடித்த மாதிரி ஒரு வாக்கியம் சொன்னான்: "ஒங்க உயிரு இந்தத் தகட்டுலதான் இருக்கு."

அப்படி ஒரு கைதட்டல் அவனுக்கு அதற்கு முன் கிடைத்ததில்லை.

அன்றிலிருந்து எல்லோரும் தகட்டைத் தொட்டார்கள். ஆரோக்கியம் வந்து சொன்னபோது அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. தொட்ட விரலைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள் என்று அவள் அடுத்துச் சொன்னாள்.

"கண்ணுல ஒத்தச் சொல்லி எவன் சொன்னான்?"

"நீதான சொன்ன, உயிரு இருக்குன்னு."

"அது பேச்சுக்குச் சொன்னது."

"பேச்சுக்குச் சொன்னத வச்சுத்தான் அம்புட்டுப் பேரும் தொடுறாக. நீ வெளக்கிச் சொன்னப்ப ஒருத்தியும் தொடல. பேசாம இரு."

அவள் சொன்னது சரிதான் என்பதுதான் எரிச்சலாக இருந்தது.

ஐப்பசியில் ஆயுதபூஜை வந்தது. போர்மேன் செந்தூர்பாண்டி நாற்பத்திரண்டு தகடுகளையும் கழற்றிப் புளி போட்டுத் துலக்கி, சந்தனம் குங்குமம் வைத்து மாட்டியதாக ஆரோக்கியம் சொன்னாள். தகடெல்லாம் தங்கம் மாதிரி மின்னுகிறதாம். பூஜைக்கு வந்த முதலாளியே தொட்டுக் கும்பிட்டாராம்.

"பளபளன்னு இருக்கு. ஆனா முந்தி மாதிரி சில்லுன்னு இல்லண்ணே," என்றாள். அது ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து மாதா கோயிலிலிருந்து நேராக அவன் வீட்டுக்கு வந்திருந்தாள். "எருமைத் தோலத் தொட்ட மாதிரி இருக்கு."

அவன் காதில் அது விழுந்தது. ஆனால் அவன் கண் அவள் கையில் இருந்தது. சுருட்டிய பிளாஸ்டிக் பிலிம் துண்டுகளை அவள் கொண்டுவந்திருந்தாள். கண்ணாடி மாதிரி தெளிவு, நல்ல கெட்டி. "கம்பெனியில மிச்சம் கெடந்துச்சு. ஒன் வித்தைக்கு ஆகுமான்னு எடுத்தாந்தேன்."

ஆகும். அவன் பல நாளாகத் தேடியது அதுதான். டம்ளரின் வாயைவிட ஒரு நூல் பெரிதாக அதிலிருந்து ஒரு வட்டம் வெட்டினான். டம்ளர் நிறையத் தண்ணீர், அதன் வாயில் அந்த வட்டம், அதன் மேல் ஒரு காகித அட்டை. கவிழ்த்தால் காற்றின் அழுத்தம் கீழிருந்து தாங்கிக்கொள்ளும். அட்டையை உருவிவிட்டாலும் தண்ணீர் விழாது. வட்டம் ஈரத்தோடு ஈரமாக ஒட்டியிருப்பது ஒரு முழத்தில் நிற்பவனுக்குக்கூடத் தெரியாது. கண் தண்ணீரைத்தான் பார்க்கும், தண்ணீரைப் பிடித்திருப்பதைப் பார்க்காது. ஆரோக்கியத்துக்குச் செய்து காட்டினான். அவளுக்கும் தெரியவில்லை, தான் கொண்டுவந்த பிலிம் என்று தெரிந்தும்.

கார்த்திகையில் ஒரு தரம், மார்கழியில் ஒரு தரம் அவள் தகட்டைப் பற்றி மறுபடி சொன்னாள். மழைக்காலம், அப்படித்தான் இருக்கும் என்று அவன் சொல்லியிருக்கலாம். என்ன சொன்னான் என்பது அவனுக்கு நினைவில்லை.

இந்த வருடம் மாசியில் மறுபடி அதே கம்பெனி. காலை ஏழரை. வேன்கள் ஆட்களை இறக்கிவிட்டுப் போய்விட்டன. வேலை தொடங்குமுன் வித்தை. முதலில் தகடு, பிறகு கிண்ணம், கடைசியில் டம்ளர் என்று இந்தத் தடவை வரிசையை மாற்றியிருந்தான். முக்கியமானதை அவர்கள் சோர்வதற்கு முன் காட்டிவிட வேண்டும். ஒருத்தியாவது 'ஏன்' என்று கேட்க வேண்டும்.

கழுவி விட்ட மூலை ரூம். அதே நாற்காலி, அதே சட்டை, அதே குடை. உரசி எழுந்து பல்பைத் தகட்டில் வைத்தான்.

மின்னவில்லை.

மறுபடி உட்கார்ந்து உரசினான். காற்று காய்ந்துதான் இருந்தது. கை மயிர் எழுந்து நின்றது. வைத்தான். இல்லை. மூன்றாம் தடவையும் இல்லை.

"அண்ணாச்சிக்கு இன்னைக்கு மந்திரம் பலிக்கல," என்றாள் பேச்சியம்மாள்.

"வெள்ளிக்கெழம பூ வைக்காம விட்டாச்சு," என்றான் செந்தூர்பாண்டி. அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

சேசுராஜுக்குக் காது சுட்டது. பல்பு போயிருக்கும் என்று நினைத்தான். நாற்காலியில் உரசி எழுந்து, தள்ளியிருந்த அடிபம்பின் இரும்புக் குழாயில் வைத்தான். குடைக்குள் ஆரஞ்சு நிறத்தில் மின்னியது. பெண்கள் கைதட்டினார்கள். அவன் தட்டவேண்டாம் என்று கையைக் காட்டினான். பல்பு சரி. உடம்பில் மின்சாரம் ஏறியதும் சரி. அப்படியானால் தகடு.

கம்பியைத் தொடர்ந்து போனான். அறுந்திருக்கவில்லை. மண்ணுக்குள் இறங்குமிடத்தில் திருகாணி இறுக்கமாக இருந்தது. திரும்பி வந்து தகட்டைப் பார்த்தான். பளபளப்பான செம்பு, நடுவில் ஒரு குங்குமப் பொட்டு. முகம் தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை.

"போர்மேன், இதுல ஏதாச்சும் பூசுனீகளா?"

"சந்தனந்தான். அதும் பின்னால தொடச்சாச்சு."

ஆரோக்கியம் கூட்டத்திலிருந்து முன்னால் வந்தாள். சலிப்போடு சொன்னாள்: "அது சில்லுன்னு இல்லன்னு நான்தான் தலபாடாச் சொன்னேனே."

அவன் அவளைப் பார்த்தான். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையைத் தகட்டில் வைத்தான். எடுத்துப் போய் அடிபம்பில் வைத்தான். குழாய் கையைக் கடித்தது. மறுபடி தகடு. சும்மா இருந்தது. பலகை மாதிரி, எருமைத் தோல் மாதிரி. அதே காலை, அதே நிழல். செம்பு இரும்பைவிட வேகமாகச் சூட்டை இழுக்க வேண்டும்.

கண்ணைத் திறக்காமலே விளிம்பில் நகத்தைக் கொடுத்தான். ஏதோ எழும்பியது. பிடித்து இழுத்தான். தகட்டின் மேல்தோல் முழுசாக உரிந்து வந்தது. கண்ணைத் திறந்தபோது அவன் விரல்களுக்கிடையில் ஒன்றுமில்லாத மாதிரி இருந்தது, குங்குமப் பொட்டு மட்டும் காற்றில் நின்றது. அதன் கெட்டியை அவன் விரல் அறிந்திருந்தது. அதிலிருந்து வெட்டிய வட்டம் அவன் பையில் டம்ளரோடு இருந்தது.

"அது லாமினேசன்," என்றான் செந்தூர்பாண்டி. "மொதலாளி நம்ம பிரஸ்ல குடுத்து ஒட்டச் சொன்னாரு. செம்பு களிம்பு ஏறாது பாருங்க. அம்புட்டுப் பேரும் தொட்டுக் கும்பிடுறாக, கை அழுக்குப் பட்டுக் கறுத்துப்போகுதுன்னு வருத்தப்பட்டாரு."

"எல்லாத் தகட்டுலயுமா?"

"நாப்பத்திரெண்டுலயும்."

சேசுராஜ் பிளாஸ்டிக் மின்சாரத்தை விடாது என்று சொன்னான். அஞ்சு மாதமாக இவர்கள் தொட்டதெல்லாம் பிளாஸ்டிக்கைத்தான், தகட்டை அல்ல என்றான். தொட்டுவிட்டோம் என்கிற தைரியத்தோடு மருந்தில் கை வைத்திருக்கிறார்கள் என்றான். குரல் கிறீச்சிட்டது. பரீச்சைத் தாள் முகம் வந்துவிட்டது என்று அவனுக்கே தெரிந்தது.

செந்தூர்பாண்டி போனை எடுத்து முதலாளியைக் கூப்பிட்டான். மணி அடித்து நின்றது. "மெட்ராசு போயிருக்காக. சாயங்காலம் கேட்டுட்டு எடுப்போம் அண்ணாச்சி. பூசை பண்ணி மாட்டுனது. நாம பாட்டுக்கு உரிச்சுப் போட்டா நல்லாவா இருக்கும்?"

"சாயங்காலம் வரைக்கும் இவுக உள்ள ஒக்காந்திருப்பாகளா?"

"இத்தன நாள் ஒக்காந்தாகள்ல. ஒண்ணும் ஆகலையே."

"இத்தன நாளு மழையும் பனியும். இப்பத்தான் காத்துக் காயுது."

"நீங்கதான அண்ணாச்சி சொன்னீக, உயிரு தகட்டுல இருக்குன்னு. அதான பத்திரமா வச்சிருக்கோம்."

சேசுராஜ் உரித்த பிலிமை விரலில் சுருட்டினான். எதையெதையோ ஒளியியல், அழுத்தம், மின்னேற்றம் என்று எட்டு வருடமாகச் சொல்லிவந்திருக்கிறான். கேட்டவர்கள் எடுத்துக்கொண்டது, யோசிக்காமல் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை.

வேலைக்கு மணி அடித்தது. பெண்கள் அவரவர் ரூமைப் பார்த்து நகரத் தொடங்கினார்கள். ஆரோக்கியம் நகரவில்லை. உரித்த தகட்டின் மேல் கையை வைத்தாள்.

"ஆவுட, இங்கன வா. கண்ண மூடு. இதத் தொடு."

ஆவுடைத்தாய் தொட்டாள்.

"இப்ப பக்கத்து ரூம்புத் தகட்டத் தொடு. கண்ணத் தொறக்காத, நான் கூட்டிட்டுப் போறேன்."

தொட்டாள். கண்ணைத் திறந்தாள். "அது சில்லுங்குது. இது இல்ல."

"போன வருசம் பலகையும் இரும்பும் வச்சுக் காட்டுனான்ல, அதுதான் இது. இதுல இருக்கது செம்பு இல்ல. மேல சட்டை போட்டிருக்கு." அவள் போர்மேனைப் பார்த்துத் திரும்பினாள். "அண்ணாச்சி, நான் உள்ள போகல. மருந்த எடுக்கல. நீங்க மொதலாளிட்ட சாயங்காலமே கேட்டுக்கோங்க."

பேச்சியம்மாளும் அவளோடு நின்றாள். ஒரு ரூமுக்கு நாலு பேர், இரண்டு பேர் நின்றால் அந்த ரூமில் வேலை நடக்காது. கொஞ்ச நேரத்தில் அடுத்த ரூமும் நின்றது. ஒவ்வொருத்தியாக வந்து கண்ணை மூடி இரண்டு தகட்டையும் தொட்டுப் பார்த்தார்கள். சேசுராஜ் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் கெட்டுவிடும் என்று இந்தத் தடவை தெரிந்திருந்தது. அவனுக்கு இருபத்துமூன்று வருடத்தில் ஒரு செய்முறை வகுப்பு இப்படி நடந்ததில்லை, அதையும் அவன் நடத்தவில்லை.

செந்தூர்பாண்டி இன்னொரு தடவை போன் போட்டுப் பார்த்தான். பிறகு, "உரிங்க. நான் மொதலாளிட்ட சொல்லிக்கிடுதேன்," என்றான். மூலை ரூமுக்குப் பக்கத்துத் தகட்டை அவனே நகம் கொடுத்து உரித்தான். உரிக்குமுன் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டான்.

வேலியோரத்துப் புளியமரத்தில் பழம் உதிர்ந்து கிடந்தது. பெண்கள் அதைப் பொறுக்கி வந்து, தேங்காய் நாரும் சேர்த்து, ஒட்டியிருந்த பிசின் போகத் தேய்த்தார்கள். ஒருத்தி தேய்ப்பாள், ஒருத்தி கண்ணை மூடித் தொட்டு, "சில்லுங்குது," என்பாள். அடுத்த ரூம். சேசுராஜ் பின்னாலேயே நாற்காலியையும் பல்பையும் தூக்கிக்கொண்டு போய் ஒவ்வொன்றிலும் வைத்துப் பார்த்தான். நாற்பத்திரண்டும் மின்னின. ஆனால் பல்பை யாரும் பார்க்கவில்லை. அவர்கள் கையே போதும் என்று ஆகிவிட்டது.

மணி பத்தரை. பேச்சியம்மாள் உரித்த பிலிம்களில் பொட்டு அழியாத ஒன்றைத் தேடி எடுத்து மடித்து இடுப்பில் செருகினாள்.

"அது எதுக்கு?"

"வீட்டு நெலையில ஒட்டத்தான். அஞ்சு மாசம் கும்பிட்டது, குப்பையிலயா போட?"

அவன் பல்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"டம்ளரு வித்த காட்டுறேன்னீகளே அண்ணாச்சி," என்றாள் அவள். "தண்ணி விழாதாம்ல."

"இன்னொரு நா."

பேச்சியம்மாள் வாசலில் நின்று தகட்டைத் தொட்டாள். விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே போனாள். அவளுக்குப் பின்னால் ஆரோக்கியம். அவளைப் போக விடாமல் சேசுராஜ் கேட்டான்:

"இது சில்லுன்னு இல்லங்கிறத நீ எப்ப மொதல்ல கவனிச்ச?"

"ஆயுதபூசைக்கு மறுநா. அந்த வாரமே ஒங்கிட்டச் சொன்னேன்."

"நான் என்ன சொன்னேன்?"

ஆரோக்கியம் யோசித்தாள். "பிலிமு நல்லா இருக்குன்னு சொன்ன," என்றாள். உள்ளங்கையைத் தகட்டில் வைத்து, கொஞ்ச நேரம் எடுக்காமல் நின்றுவிட்டு, உள்ளே போய் உட்கார்ந்தாள்.